ஆறாம் வகுப்பு கணக்கு பயமுறுத்துதா? ஜூன் வர்றதுக்குள்ள வீட்டிலேயே பிள்ளையைத் தயார்படுத்தலாம்!

'அஞ்சாவது வரைக்கும் நல்லாத்தான் படிச்சா. ஆறாவது போனதும் கணக்குல மட்டும் மார்க் இறங்கிடுச்சு!' ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மட்டுமில்லை, தமிழ்நாட்டில் எந்த ஊர் பள்ளி வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். பிள்ளைக்குத் திடீரென்று மூளை மங்கிவிடவில்லை. அஞ்சாவது வரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஓட்டை, ஆறாவதில் வெளியே தெரிகிறது. விஷயம் அவ்வளவுதான்.

அந்த ஓட்டை எங்கே இருக்கிறது, அதை வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி அடைப்பது? பார்ப்போம் வாங்க. பெற்றோருக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை.

ஆறாவதில் அப்படி என்ன மாறுது?

அஞ்சாவது வரை கணக்கு என்றால் பெரும்பாலும் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல். கண்ணால் பார்க்கும் பொருட்களை எண்ணிப் பார்த்தே பாதியைச் சமாளித்துவிடலாம். 2018-ல் வந்த சமச்சீர் ஆறாம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். முதல் பருவத்திலேயே இயற்கணிதம் வந்துவிடுகிறது. எண் இருக்க வேண்டிய இடத்தில் x என்று ஓர் எழுத்து. அடுத்து விகிதம், விகித சமம். இரண்டாம் பருவத்தில் மீ.பெ.கா., மீ.சி.ம., லாபம், நட்டம். மூன்றாம் பருவத்தில் பின்னங்களின் கூட்டல், கழித்தல், பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் எண்கள், சுற்றளவு, பரப்பளவு. ஏழாவதில் சதவீதம், தனி வட்டி, நேர் விகிதம், எதிர் விகிதம்.

இவை தனித்தனிப் பாடம் மாதிரி தெரியும். ஆனால், எல்லாம் நிற்பது இரண்டே தூண்களில். ஒன்று வகுத்தல், இன்னொன்று பின்னம். விகிதம் என்பது வகுத்தல்தான். சதவீதம் என்பது நூறைப் பகுதியாகக் கொண்ட பின்னம்தான். இந்த இரண்டும் ஆடினால், மேலே கட்டுவதெல்லாம் ஆடும்.

இதை ஆராய்ச்சியும் சொல்கிறது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் மதிப்பெண்களை வைத்து ராபர்ட் சீக்லர் என்ற உளவியலாளர் குழு 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பத்து வயதில் ஒரு பிள்ளைக்குப் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்து, அஞ்சாறு வருடம் கழித்து உயர்நிலைப் பள்ளியில் அந்தப் பிள்ளையின் கணக்கு எப்படி இருக்கும் என்று கணிக்க முடிந்தது. குடும்ப வருமானம், பெற்றோர் படிப்பு ஆகியவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது.

நம் நாட்டு நிலவரம்? கிராமப்புறப் பிள்ளைகளை வீடு வீடாகப் போய் சோதிக்கும் 'அசர்' ஆய்வின் 2024 அறிக்கைப்படி, மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்த அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள் நாடு முழுக்க 30.7 சதவீதம். எட்டாம் வகுப்பில் 45.8 சதவீதம். அதாவது எட்டாவது படிக்கிற பிள்ளைகளில் பாதிக்கும் மேல், அந்த வகுத்தலைப் போடத் தெரியாமலேயே மேலே போய்க்கொண்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் எட்டாவது வரை 'ஆல் பாஸ்'. பிள்ளையை ஃபெயில் போட்டு வீட்டுக்கு அனுப்பாமல் இருப்பது நல்ல விஷயம்தான். ஆனால், அதனால் ஓட்டை இருப்பதைச் சொல்லும் மணி எங்கேயும் அடிக்காது. ஒன்பதாவதில், பத்தாவதில் ஒரே அடியாக அடிக்கும். அதற்கு முன்பே நாம் பார்த்துவிடுவது நல்லது.

எட்டே கேள்வி... ஓட்டை எங்கேன்னு தெரிஞ்சிடும்!

ஒரு வெள்ளைத்தாள், ஒரு பென்சில், அரைமணி நேரம். 'டெஸ்ட்' என்று சொல்ல வேண்டாம். 'இதெல்லாம் எப்படிப் போடுறன்னு எனக்குச் சொல்லிக்காட்டு' என்று கேளுங்கள். விடை சரியா தப்பா என்பதைவிட, எப்படிப் போட்டது என்பதுதான் நமக்கு முக்கியம்.

1. 7×8, 6×9, 8×6. யோசிக்காமல் வருகிறதா, வாய்ப்பாட்டை முதலிலிருந்து ஓட்டி வருகிறதா என்று பாருங்கள்.

2. 5003 – 1768. சரியான விடை 3235. நடுவில் இருக்கும் பூஜ்யங்களைப் பார்த்துக் கடன் வாங்கத் தடுமாறினால், இடமதிப்பு பலவீனம்.

3. 824 ÷ 8. விடை 103. 13 என்று வந்தால் பிள்ளைக்கு வகுத்தல் முறை தெரியும், ஆனால் நடுவில் பூஜ்யம் போட வேண்டிய காரணம் தெரியாது.

4. 1/3 பெரிசா, 1/4 பெரிசா? '1/4, ஏன்னா நாலு பெரிசு' என்று சொன்னால் பின்னம் இன்னும் மனதில் ஏறவில்லை.

5. 1/2 + 1/3. விடை 5/6. மேலேயும் கீழேயும் கூட்டி 2/5 என்று போடும் பிள்ளைகள் ஏராளம். திட்டாதீர்கள். 'அரையை விட 2/5 சின்னது ஆச்சே? அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா எப்படிக் குறையும்?' என்று மட்டும் கேளுங்கள்.

6. 0.5 பெரிசா, 0.35 பெரிசா? '35 தானே பெரிசு' என்று சொன்னால் தசமப் புள்ளி புரியவில்லை. ஐம்பது பைசா, முப்பத்தஞ்சு பைசா என்று காசாக மாற்றிக் கேளுங்கள்.

7. 9.40-க்கு பஸ் கிளம்புது, 11.15-க்கு வந்து சேருது. எவ்வளவு நேரம்? 1 மணி 35 நிமிடம். 1.75 என்று கழித்து வைத்தால், ஒரு மணிக்கு 60 நிமிடம் என்பதை மறந்து நூறாக எடுத்துக்கொண்டது என்று அர்த்தம்.

8. 3 கிலோ பால்கோவாவை 250 கிராம் பாக்கெட்டாகப் போட்டால் எத்தனை பாக்கெட்? விடை 12. இதில் கணக்கு சின்னது. பெருக்கணுமா, வகுக்கணுமா என்று முடிவெடுப்பதுதான் கஷ்டம்.

எட்டில் இரண்டு, மூன்று தவறினால் பதற வேண்டாம். எந்த இரண்டு, எந்த மூன்று என்று குறித்து வையுங்கள். கோடை விடுமுறையில் அதை மட்டும் சரிசெய்தால் போதும். ஆறாவது புத்தகத்தை முன்கூட்டியே வாங்கி, 'முதல் பாடத்தை முடிச்சிடு' என்று உட்கார வைப்பதைவிட இது நல்லது. அஸ்திவாரத்தில் விரிசல் இருக்கும்போது மாடி கட்டி என்ன பயன்?

பாட்டி சொல்ற பின்னம்!

பின்னம் சொல்லித்தர ஆளைத் தேடி அலைய வேண்டாம். வீட்டில் வயசான தாத்தா, பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள். கால், அரை, முக்கால் நமக்குத் தெரியும். அவர்களுக்கு அரைக்கால், வீசம் எல்லாம் தெரிந்திருக்கும். அரைக்கால் என்றால் காலில் அரை. அதாவது 1/2 × 1/4 = 1/8. பின்னப் பெருக்கல் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது! வீசம், மாகாணி இரண்டுமே 1/16. 'காலே அரைக்கால்' என்றால் 1/4 + 1/8 = 3/8. பகுதியைச் சமமாக்கிக் கூட்டும் கணக்கு இதேதான். திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் எண்சுவடியில் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்தார்கள்.

ஒரு தோசையை எடுத்து நாலாக மடியுங்கள். ஒரு மடிப்பு கால். அதை இன்னொரு முறை மடித்தால் அரைக்கால். மறுபடி மடித்தால் வீசம். 'கீழ இருக்கிற நம்பர் பெரிசாக ஆக, துண்டு சின்னதாகுது' என்பதைப் பிள்ளை சாப்பிட்டே தெரிந்துகொள்ளும். நாலாம் கேள்விக்கு அதற்குப் பிறகு தப்பு விடை வராது.

நம்ம ஊரே ஒரு கணக்குப் புத்தகம்!

கணக்கை நோட்டில் மட்டும் பார்க்கிற பிள்ளைக்கு, அது நோட்டோடு முடிந்துபோகிற விஷயம். இந்த இரண்டு ஊரிலும் வெளியே வந்தால் ஆறாவது, ஏழாவது பாடம் தெருவிலேயே கிடக்கிறது.

நூல் கவுண்ட்: ராஜபாளையத்தில் மில்லில் வேலை பார்க்கும் அப்பாவோ, சித்தப்பாவோ, மாமாவோ இல்லாத தெரு குறைவு. '40 கவுண்ட் நூல்', '60 கவுண்ட் நூல்' என்று அவர்கள் பேசுவதைப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். அந்த நம்பர் என்ன? ஒரு பவுண்டு, அதாவது சுமார் 453 கிராம் நூலில் 840 கஜம் நீளமுள்ள சிட்டம் எத்தனை கிடைக்கும் என்பதுதான் கவுண்ட். 40 கவுண்ட் என்றால் 40 × 840 = 33,600 கஜம். 60 கவுண்ட் என்றால் 50,400 கஜம். எடை ஒன்றுதான், நீளம் மட்டும் கூடுகிறது. அப்படியென்றால் நூல் மெலிசாகிறது. நம்பர் ஏற ஏற நூல் மெலியும். ஏழாவதில் வரும் எதிர் விகிதத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இன்னொரு வேடிக்கை. 33,600 கஜம் என்பது 30 கிலோமீட்டருக்கும் மேல். அரைக்கிலோகூட இல்லாத அந்த நூலை ராஜபாளையத்திலிருந்து பிரித்துக்கொண்டே போனால், சுமார் 12 கி.மீ. தள்ளியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தொட்டு, திரும்பி வந்த பிறகும் மிச்சமிருக்கும்!

பால்கோவா: 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் இருப்பது பாலும் சர்க்கரையும்தான். கணக்குக்காக 10 லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். 4 லிட்டர் பாலுக்கு எவ்வளவு? ஒரு லிட்டருக்கு 125 கிராம், நாலு லிட்டருக்கு 500 கிராம். 'முதல்ல ஒண்ணுக்கு எவ்வளவுன்னு கண்டுபிடி, அப்புறம் பெருக்கு' என்ற இந்த ஒரு பழக்கம் கைவந்தால் விகித சமம் பாடத்தில் பாதி முடிந்தது.

கோபுர நிழல்: ஆண்டாள் கோயில் ராஜகோபுரத்துக்கு 11 நிலை, 190 அடிக்கு மேல் உயரம். ஏறாமலே உயரத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? காலை வெயிலில் 4 அடிக் குச்சியை நிறுத்துங்கள். அதன் நிழல் 2 அடி என்றால், பொருளின் உயரத்தில் பாதி நிழல். அதே நேரத்தில் தெருவிளக்குக் கம்பத்தின் நிழல் 12 அடி இருந்தால் கம்பம் 24 அடி. முதலில் உங்க தெருக் கம்பத்தை அளந்து பாருங்கள். கோபுரம் பக்கம் போகும்போது பிள்ளையே கேட்கும், 'இதோட நிழல் இப்ப எவ்வளவும்மா இருக்கும்?'

பேண்டேஜ் துணி: ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர் போனது. 10 செ.மீ. அகலம், 3 மீட்டர் நீளத்தில் ஒரு சுருள் இருந்தால் பரப்பளவு என்ன? 10 × 3 = 30 என்று போட்டால் தப்பு. அலகை மாற்றாமல் பெருக்கியதுதான் காரணம். 10 × 300 = 3,000 சதுர செ.மீ. 'அகலமும் நீளமும் ஒரே அளவுகோல்ல இருக்கான்னு பாரு' என்பதை இங்கேயே பழக்குங்கள்.

வாசல் கோலம்: ஒரு புள்ளி வையுங்கள். அடுத்த வரிசையில் 3, அதற்கடுத்து 5, அப்புறம் 7. ஒவ்வொரு வரிசை சேர்த்ததும் மொத்தம் எவ்வளவு? 1, 4, 9, 16. அதாவது 1×1, 2×2, 3×3, 4×4. 'பத்து வரிசை வெச்சா?' என்று கேளுங்கள். எண்ணிப் பார்க்காமல் நூறு என்று சொல்லும் அந்த நிமிஷம் இயற்கணிதம் ஆரம்பமாகிவிட்டது. 'எத்தனை வரிசை வெச்சாலும்' என்பதைத்தான் புத்தகம் n என்று எழுதுகிறது.

கிணறும் கடன் நோட்டும்: பூஜ்யத்துக்குக் கீழே எண் இருக்குமா என்று பிள்ளை குழம்பும். தோட்டத்துக் கிணற்றைக் காட்டுங்கள். தரைமட்டம் பூஜ்யம். மேலே மோட்டார் ரூம் கூரை +10 அடி, கீழே தண்ணீர் –30 அடி. மளிகைக் கடை நோட்டில் 200 ரூபாய் கடன் இருக்கும்போது 150 கட்டினால் மீதி? –200 + 150 = –50. இது தெரியாத வீடு உண்டா என்ன!

தினம் இருபதே நிமிஷம்

ஷிஃப்ட்டுக்குப் போகும் பெற்றோருக்கு ஒரு மணி நேரம் கிடைப்பது கஷ்டம். தேவையும் இல்லை. வாரத்தில் ஒரு நாள் மூன்று மணி நேரம் உட்கார வைப்பதைவிட, தினம் இருபது நிமிஷம் பலன் தரும்.

முதல் அஞ்சு நிமிஷம் வாய்ப்பாடு. 'ஓரெட்டு எட்டு' என்று வரிசையாக ஒப்பிப்பது வேண்டாம், கலைத்துக் கேளுங்கள். 7×8 தெரிந்தால் 56÷7-ம் தெரிய வேண்டும். இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். அடுத்த பத்து நிமிஷம், எட்டுக் கேள்வியில் தவறிய ஏதாவது ஒரு வகைக் கணக்கு. மூன்று கணக்கு போதும். கடைசி அஞ்சு நிமிஷம், பிள்ளை டீச்சர், நீங்கள் மாணவர். 'எனக்குப் புரியல, மறுபடி சொல்லு' என்று கேளுங்கள். சொல்லிக்கொடுக்க முடிந்தால்தான் புரிந்தது என்று அர்த்தம். நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கும் நாளில் இந்த டீச்சர் வேலையைத் தாத்தாவிடம் விடலாம்.

முதல் இரண்டு வாரம் வாய்ப்பாடும் வகுத்தலும், அடுத்த இரண்டு வாரம் பின்னம், அஞ்சாவது வாரம் தசமமும் அளவைகளும், ஆறாவது வாரம் வாக்கியக் கணக்குகள். இந்த ஆறு வாரம் விடுமுறைக்குள் அடங்கிவிடும்.

வீட்டில் சொல்லக்கூடாத ஒரு வார்த்தை

'எனக்கும் கணக்கு வராது, அதான் உனக்கும் வரல.' ஆறுதலாகத்தான் சொல்கிறோம். ஆனால், பிள்ளை அதை ஜாதகம் மாதிரி எடுத்துக்கொள்ளும். 2015-ல் அமெரிக்காவில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், கணக்கென்றாலே பதறும் பெற்றோர் அடிக்கடி ஹோம்வொர்க்கில் உதவியபோது, அந்த வருடம் பிள்ளைகள் கணக்கில் கற்றுக்கொண்டது குறைந்தது, கணக்குப் பயம் கூடியது. அந்தப் பெற்றோர் அதிகம் தலையிடாத வீடுகளில் இந்தப் பாதிப்பு தெரியவில்லை. கெடுத்தது அறியாமை இல்லை, பதற்றம்.

தெரியாத கணக்கு வந்தால், 'இது எனக்குத் தெரியல. நீ எப்படிப் போட்டன்னு சொல்லு, சேர்ந்து பார்ப்போம்' என்று சொல்லுங்கள். தப்பாகப் போட்டால் கை ஓங்கும் முன், தப்பு எங்கே ஆரம்பித்தது என்று விரலை வைத்துத் தேடுங்கள். 'அறிவில்லையா?' என்று கேட்பதைவிட 'எந்த இடத்துல குழம்புச்சு?' என்று கேட்பதற்குத்தான் பிள்ளை பதில் சொல்லும்.

மீடியம் மாறுதா? இதைக் கவனிங்க!

ஆறாவதில் நிறைய பிள்ளைகள் தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறுகிறார்கள். கணக்கு தெரிந்த பிள்ளையும் கேள்வி புரியாமல் மார்க்கை விடும். ஒரு சின்ன நோட்டில் ஜோடி ஜோடியாக எழுதி வையுங்கள். தொகுதி என்றால் நியூமரேட்டர், பகுதி என்றால் டினாமினேட்டர், மீ.பெ.கா. என்றால் எச்.சி.எஃப்., மீ.சி.ம. என்றால் எல்.சி.எம்., சுற்றளவு என்றால் பெரிமீட்டர், பரப்பளவு என்றால் ஏரியா. முப்பது, நாற்பது சொல் போதும். அதோடு, புதுச் சொல்லை முதலில் தமிழில் புரியவைத்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போங்கள்.

டியூஷன் சேர்க்கணுமா?

தேவைப்பட்டால் சேர்க்கலாம். சேர்க்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு பேட்ச்சில் எத்தனை பேர்? அஞ்சாவது பாடத்தில் ஓட்டை இருந்தால் அதற்கு நேரம் தருவார்களா? ஸ்கூல் ஹோம்வொர்க்கை முடித்துக்கொடுப்பது மட்டும்தானா? கடைசிக் கேள்விக்கு 'ஆமா' என்றால், நோட்டு நிறையும், ஓட்டை அப்படியே இருக்கும்.

எவ்வளவு சொல்லிக்கொடுத்தும், எண்களை இடம் மாற்றி எழுதுவது, சின்னக் கூட்டலுக்கும் விரல் விடுவது, மணி பார்க்கத் திணறுவது எல்லாம் சேர்ந்து பல மாதம் தொடர்ந்தால் சோம்பேறி என்று முடிவு கட்டாதீர்கள். கணக்கில் மட்டும் வரும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். வகுப்பு ஆசிரியரிடம் பேசி, வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரைப் பார்க்கலாம்.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?

பணமும் இதில் இருக்கிறது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளியில் எட்டாவது படிக்கும் பிள்ளைகள், குடும்ப வருமானம் வருடத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருந்தால் என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதலாம். தேர்வானால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். நாலு வருடத்துக்கு 48,000 ரூபாய். இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 90 கேள்வி. மனத்திறன் தாளில் எண் வரிசைகள், படிப்புத் தாளில் ஏழாவது, எட்டாவது கணக்கு. எட்டாவதில் போய் அதற்குத் தனியாகப் படிப்பதைவிட, ஆறாவதிலேயே வகுத்தலும் பின்னமும் கைக்குள் வந்த பிள்ளைக்கு அந்தத் தாள் பயம் தராது.

இன்னொன்று. பத்தாவது முடித்து எந்த குரூப் எடுப்பது என்று யோசிக்கும்போது, 'கணக்கு இல்லாத குரூப் எதுன்னு சொல்லுங்க' என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. அது அவர்களுடைய விருப்பமாக இருந்தால் சரி. பயமாக இருந்தால், ஒரு பாதி உலகத்தின் கதவை பிள்ளை தானே சாத்திக்கொள்கிறது. அந்தப் பயம் பெரும்பாலும் பத்தாவதில் பிறப்பதில்லை. 824-ஐ எட்டால் வகுத்து 13 என்று எழுதி, ஏன் தப்பு என்று யாரும் உட்கார்ந்து சொல்லாத ஏதோ ஒரு நாளில் பிறக்கிறது.

இன்னைக்குச் சாயங்காலம் அந்த எட்டுக் கேள்வியை எழுதிக்கொடுத்துப் பாருங்கள். பக்கத்தில் ஒரு தட்டில் பால்கோவா இருந்தால், எட்டாவது கேள்வியில் எப்படியும் ஆர்வம் வந்துவிடும்!